120 ரூபாயும் 3,85,000 ரூபாயும்: எல்லோருக்கும் மருத்துவத்தை அரசாங்கமே கொடுக்கணுமா?



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, வரி சேமிப்பும் இல்ல. கொஞ்சம் பெரிய கேள்வி ஒண்ணை எடுத்திருக்கேன். ஆனா இதுவும் உங்க பர்ஸ் சம்பந்தப்பட்ட கேள்விதான். முதல்ல என் வீட்டுக் கதையைச் சொல்லிடறேன்.

2019 ஜூன் மாசம். ஒரு வேலையை விட்டுட்டு அடுத்த வேலையில சேர எனக்கு 17 நாள் இடைவெளி இருந்துச்சு. ஊருக்குப் போய் ராஜபாளையத்துல அம்மா அப்பாவோட இருந்தேன். ஒன்பதாவது நாள் ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. காரைப் பிடிச்சு மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆஞ்சியோ, ரெண்டு ஸ்டென்ட், ஆறு நாள் படுக்கை. பில் 3,85,000 ரூபாய்.

அப்பா அம்மா ரெண்டு பேரையும் பழைய கம்பெனி பாலிசியில சேர்த்திருந்தேன். அது என் கடைசி வேலை நாளோட முடிஞ்சு போச்சு. புது கம்பெனி பாலிசி ஆரம்பிக்க இன்னும் எட்டு நாள் இருந்துச்சு. என் சேமிப்பு 1,20,000, கிரெடிட் கார்டு 90,000, மிச்சம் 1,75,000-க்கு அம்மாவோட பத்து பவுன் அடகுக்குப் போச்சு. வளையலைக் கழட்டிக் கொடுக்கறப்போ அம்மா ஒரு வார்த்தை பேசல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

அப்பா நல்லா தேறிட்டார். இன்னைக்கும் காலையில நடக்கப் போறார். கதையோட முக்கியமான பகுதி அதுக்கப்புறம்தான் வருது.

அப்பா 25 வருஷத்துக்கு மேல ஒரு நூற்பாலையில வேலை பார்த்தவர். மாசாமாசம் சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிச்சாங்க. 2016-ல ஓய்வு பெற்றதோட அதுவும் முடிஞ்சதுன்னு நாங்க நினைச்சோம். உண்மையில, அஞ்சு வருஷத்துக்குக் குறையாம இ.எஸ்.ஐ.-ல இருந்து, வயசு முடிஞ்சு ஓய்வு பெறும் தொழிலாளிக்கும் அவங்க துணைக்கும் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினா மருத்துவ வசதி தொடரும். மாசத்துக்கு 10 ரூபாய்! இது எனக்குத் தெரிய வந்தது 2020-ல, ஒரு கிளையன்ட்டோட சம்பளக் கணக்கைத் தணிக்கை பண்ணும்போது. நான் ஒரு சி.ஏ. இந்தச் சட்டத்தைப் பரீட்சைக்குப் படிச்சவன். எனக்கே தெரியல. நூற்பாலையில நாள் முழுக்க நின்னு வேலை பார்த்த மனுஷனுக்கு யார் சொல்லப் போறாங்க?

அந்த 120 ரூபாய் கட்டியிருந்தா மொத்த பில்லும் மிச்சமாகியிருக்கும்னு நான் சொல்லல. நடுராத்திரி அவசரத்துல எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம்னு யாருக்குத் தெரியும். ஆனா அப்படி ஒரு வழி இருக்குன்னாவது தெரிஞ்சிருக்கும். அன்னையிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவே இல்ல. மருத்துவம்ங்கறது தகுதி பார்த்து, விண்ணப்பம் போட்டு, கார்டு வாங்கி அனுபவிக்கற விஷயமா இருக்கணுமா? இல்ல, ரோடு மாதிரி, தெருவிளக்கு மாதிரி, எல்லோருக்கும் அரசாங்கமே கொடுக்க வேண்டிய ஒண்ணா?

முதல்ல, இப்ப என்ன இருக்கு?

"நம்ம ஊர்ல எதுவுமே இல்ல"ன்னு சொல்றது தப்பு. நிறைய இருக்கு.

சென்னை அரசு பொது மருத்துவமனை 1664-ல கோட்டைக்குள்ள சின்னதா ஆரம்பிச்சது. இன்னைக்கும் அங்க யார் வேணும்னாலும் போகலாம். 1995-லிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமா டெண்டர் விட்டு வாங்குது. மத்த மாநிலங்கள் வந்து பார்த்துட்டுப் போற மாடல் அது. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சது இப்ப முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமா நடக்குது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. 2021-ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை. அதே வருஷம் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்துச்சு. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள ரோட்டுல விபத்துன்னா முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், யாரா இருந்தாலும் சரி.

மத்திய அரசு பக்கம் 1948 சட்டத்துல வந்த இ.எஸ்.ஐ., 2018-லிருந்து ஆயுஷ்மான் பாரத். 2024 அக்டோபர்ல இருந்து 70 வயசு தாண்டின எல்லோருக்கும், வருமானம் பார்க்காம, ஆயுஷ்மான் பாரத்தை விரிவாக்கினாங்க.

ஆக, கீழ இருக்கறவங்களுக்குத் திட்டம் இருக்கு. மேல இருக்கறவங்க கிட்ட பணம் இருக்கு. நடுவுல இருக்கற நீங்க?

உங்க இன்க்ரிமென்ட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற பள்ளம்

கணக்குப் போட்டே பார்த்துடுவோம். உங்க சம்பளம் மாசம் 20,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. இ.எஸ்.ஐ.-க்கு உங்க பங்கு 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 650 ரூபாய். ரெண்டும் சேர்ந்து மாசம் 800. அதுக்கு உங்களுக்கும், உங்க மனைவி அல்லது கணவருக்கும், குழந்தைகளுக்கும், உங்களையே நம்பி இருக்கற அப்பா அம்மாவுக்கும் மருத்துவ வசதி.

இப்ப மேனேஜர் கூப்பிட்டு, "தம்பி, 22,000 ஆக்கிட்டோம்"னு சொல்றார். சந்தோஷமா ஸ்வீட் வாங்கிட்டுப் போறீங்க. ஆனா இ.எஸ்.ஐ. உச்சவரம்பு 21,000 ரூபாய். 2017 ஜனவரியில வெச்ச வரம்பு. நடக்கற அரையாண்டு முடியற வரைக்கும் சந்தா பிடிப்பாங்க, அதுக்கப்புறம் புதுச் சந்தா கிடையாது. கொஞ்ச மாசத்துல மருத்துவ வசதியும் நின்னுடும்.

2,000 ரூபாய் கூடுதலா வந்துச்சு. போனது என்ன? மொத்தக் குடும்பத்தோட பாதுகாப்பு. வெளியில போய் அறுபது வயசு தாண்டின அப்பா அம்மாவுக்கு ஒரு பாலிசி எடுக்கணும்னா, உதாரணத்துக்கு வருஷம் 50,000 ரூபாய் பிரீமியம்னு வெச்சாலே, மாசம் 4,000-க்கு மேல ஆகுது. அப்போ அந்த இன்க்ரிமென்ட் உண்மையில இன்க்ரிமென்ட்டா, டிக்ரிமென்ட்டா?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாம்னா அங்க குடும்ப வருமான வரம்பு மாசத்துக்கு 10,000 ரூபாய். உங்க ஒருத்தர் சம்பளமே அதைத் தாண்டிடும். எங்க வீட்டுல அதுதான் நடந்துச்சு. ரேஷன் கார்டுல என் பேரும் இருந்ததால, அப்பாவுக்குக் கார்டு வாங்க முடியல.

இந்தப் பள்ளத்துல விழுந்தவங்க கொஞ்சப் பேர் இல்ல. நிதி ஆயோக் 2021-ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. நாட்டு மக்கள்ல குறைஞ்சது 30 சதவீதம் பேர், அதாவது சுமார் 40 கோடிப் பேருக்கு மருத்துவச் செலவுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லன்னு சொல்லுச்சு. ஏழைக்கான திட்டத்துக்கு இவங்க பணக்காரங்க, தனியார் பாலிசிக்கு இவங்க ஏழைங்க.

"அரசாங்கம் கொடுக்கணும்"னு சொல்றவங்க பக்க நியாயம்

நம்ம ஊர் மொய் பழக்கத்தை எடுத்துக்கோங்க. ஊர்ல ஒரு கல்யாணம்னா எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதறாங்க. நோட்டுல ஏறுது. உங்க வீட்டு விசேஷம் வரும்போது அது திரும்பி வருது. ஒருத்தர் தனியா தூக்க முடியாத செலவை ஊரே சேர்ந்து தூக்குது. இன்சூரன்ஸும் இதேதான். ஆனா மொய் எப்ப வேலை செய்யும்? எல்லோரும் எழுதினாத்தான். தன் வீட்டுல விசேஷம் வெச்சிருக்கறவன் மட்டும்தான் மொய் எழுதுவேன்னு சொன்னா, நோட்டு ஒரே வருஷத்துல மூடிடும்.

விருப்பம் இருந்தா சேரலாம்ங்கற இன்சூரன்ஸ்ல இதுதான் நடக்குது. 25 வயசுல "எனக்கு என்ன வரப்போகுது"ன்னு தள்ளிப் போடறோம். 45 வயசுல சர்க்கரை வந்தப்புறம் தேடிப் போறோம். கம்பெனி என்ன பண்ணும்? பிரீமியத்தை ஏத்தும், காத்திருப்புக் காலம் வைக்கும். ஒரு நாடே ஒரே மொய் நோட்டா இருந்தா அந்தப் பிரச்சினை இல்ல.

ரெண்டாவது நியாயம், பேரம். ஃபோன் வாங்கணும்னா பத்துக் கடையில விலை கேப்பீங்க. ஐ.சி.யூ. வாசல்ல நின்னு "ஸ்டென்ட்ல ஏதாவது ஆஃபர் இருக்கா சார்?"னு யாராவது கேக்க முடியுமா? எது தேவை, எது தேவையில்லைங்கறதும் விக்கறவருக்குத்தான் தெரியும், வாங்கற நமக்குத் தெரியாது. இந்த மாதிரி இடத்துல போட்டி தானா விலையைக் குறைச்சிடும்னு எதிர்பார்க்க முடியாது. மொத்தமா வாங்கற ஒரு பெரிய கை வேணும். மருந்துல மருத்துவப் பணிகள் கழகம் அதைத்தான் செஞ்சு காட்டியிருக்கு.

மூணாவது, நாம ஏற்கெனவே கட்டிட்டுத்தான் இருக்கோம். மத்திய அரசோட தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கைப்படி, 2013-14-ல நாட்டின் மொத்த மருத்துவச் செலவுல 64.2 சதவீதம் மக்கள் கைக்காசு. 2021-22-ல அது 39.4 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. நல்ல முன்னேற்றம்தான். ஆனா இன்னைக்கும் 100 ரூபாய் செலவுல கிட்டத்தட்ட 40 ரூபாய் நேரா நம்ம பாக்கெட்ல இருந்துதான் போகுது. வரியா வாங்கிக் கொடுத்தாலும் நம்ம காசுதான், பில்லா கட்டினாலும் நம்ம காசுதான். ஒரே வித்தியாசம், வரி கொஞ்சம் கொஞ்சமா எல்லோர்கிட்டயும் வாங்கப்படுது. பில் ஒரே ராத்திரியில ஒரே வீட்டுல விழுது.

எதிர்ப்பக்கம் சொல்றதுலயும் உண்மை இருக்கு

கணக்கு பார்க்கறவன் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

பணம் எங்கே? 2021-22-ல அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவு பண்ணினது நாட்டு உற்பத்தியில 1.84 சதவீதம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள்ள 2.5 சதவீதம் ஆக்கறோம்னு இலக்கு வெச்சுது. நாட்டு உற்பத்தியில ஒரு சதவீதம்னா இன்னைக்கு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. சும்மா கிடைக்கற தொகை இல்ல. உங்க சம்பளச் சீட்டுல சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்னு 4 சதவீதம் இருக்கும். 2018 பட்ஜெட்டுக்கு முன்னாடி அது கல்விக்கு மட்டும் 3 சதவீதமா இருந்துச்சு. வருஷம் 15 லட்சம் சம்பளம் வாங்கறவருக்கு 2025-26 புது வரி முறையில வரி 93,750, செஸ் 3,750. அதுல மருத்துவத்துக்குன்னு கூடின ஒரு சதவீதத்தைக் கணக்குப் போட்டா 938 ரூபாய். அதை வெச்சுக்கிட்டு நாடு முழுக்க இலவச மருத்துவம்னா நடக்காது. உண்மையா வேணும்னா வரி ஏறும். அதைச் சொல்லாம இலவசம்னு மட்டும் பேசறவங்களை நம்பாதீங்க.

காத்திருப்பு எவ்வளவு? பிரிட்டன்ல 1948 ஜூலை 5-ல தேசிய சுகாதார சேவை ஆரம்பிச்சாங்க. வரிப் பணத்துல நடக்கும் அமைப்பு, ஆஸ்பத்திரி வாசல்ல பில் கிடையாது. ஆனா இங்கிலாந்துல திட்டமிட்ட சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் சமீப வருஷங்கள்ல 70 லட்சத்தைத் தாண்டிப் போச்சு. பணத்துக்குப் பதிலா அங்க மக்கள் நேரத்தைக் கட்டறாங்க.

ஏமாற்று வேலை? சி.ஏ.ஜி. 2023-ல ஆயுஷ்மான் பாரத்தைத் தணிக்கை பண்ணினப்போ, 9999999999-ங்கற ஒரே மொபைல் நம்பர்ல 7.49 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்தது தெரிஞ்சுது. மொபைல் நம்பர் கட்டாயம் இல்லன்னு அரசு விளக்கம் சொல்லுச்சு. இருக்கட்டும். ஒரு தணிக்கையாளனா எனக்கு அந்தப் பதிவேட்டைப் பார்த்தா தூக்கம் வராது.

கடைசியா, நம்பிக்கை. அன்னைக்கு ராத்திரி மதுரையில அரசு ராஜாஜி மருத்துவமனை இருந்துச்சு. எங்க கார் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அங்க நல்ல டாக்டர்கள் இல்லன்னு இல்ல. "ஜி.எச்.-ல கூட்டமா இருக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க"ங்கற பயம். அந்தப் பயம் எவ்வளவு நியாயம்னு நாங்க சோதிச்சுப் பார்க்கல. ஆனா அந்தப் பயத்தோட விலை எங்க வீட்டுல 3,85,000 ரூபாய்.

அப்போ என் முடிவு என்ன?

கொடுக்கணும். ஆனா "எல்லாமே இலவசம்" மாதிரி இல்ல.

பணக்கார நாடு ஆனப்புறம்தான் இதெல்லாம்னு ஒரு வாதம் உண்டு. தாய்லாந்து அதைப் பொய்யாக்கிடுச்சு. 2002-ல தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தப்போ அது பணக்கார நாடு இல்ல. அரசு ஊழியருக்கும் கம்பெனி ஊழியருக்கும் ஏற்கெனவே திட்டம் இருந்துச்சு. விட்டுப் போன எல்லோரையும் வரிப் பணத்துல ஒரே திட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. ஒரு தடவை போனா 30 பாட் கட்டினாப் போதும்னு ஆரம்பிச்சாங்க. நமக்கும் விட்டுப் போனவங்களைச் சேர்க்கறதுதான் பாக்கி வேலை.

என் கணக்குப்படி ரெண்டு அடுக்கு வேணும். முதல் அடுக்கு: ஆரம்ப சுகாதார நிலையம், அடிப்படை மருந்து, பரிசோதனை, அவசரச் சிகிச்சை. இது வரிப் பணத்துல, எல்லோருக்கும், வருமானச் சான்றிதழ் கேக்காம. சர்க்கரையை ஆரம்பத்துலயே பிடிச்சா, பின்னாடி டயாலிசிஸ் செலவு குறையும். இது தர்மம் மட்டும் இல்ல, சிக்கனமும் கூட.

ரெண்டாவது அடுக்கு: பெரிய ஆஸ்பத்திரிச் செலவு. இதுக்கு இ.எஸ்.ஐ. மாதிரி சம்பளத்துல சதவீதமா ஒரு பங்கு, ஆனா 21,000-ல சுவர் இல்லாம. 40,000 சம்பளத்துக்கு 0.75 சதவீதம்னா 300 ரூபாய். கம்பெனி பங்கு 1,300. வேலை மாறினாலும், நடுவுல 17 நாள் வேலை இல்லாம இருந்தாலும், ஓய்வு பெற்றாலும் கூடவே வரணும். கட்டாயமா இருக்கணும், இல்லன்னா மொய் நோட்டுக் கதைதான். வேலையே இல்லாதவங்க பங்கை அரசு கட்டணும்.

நான் ஏன் "எல்லோருக்கும்"ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கறேன் தெரியுமா? தகுதி பார்க்கற திட்டத்துல, தகுதி இருக்கறவங்களே வெளியில நிக்கறாங்க. எங்க அப்பா அதுக்குச் சாட்சி. எல்லோருக்கும்னு ஆயிட்டா, யாரும் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியது இல்ல. அதோட, நீங்களும் உங்க மேனேஜரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சா, அங்க ஃபேன் ஓடலன்னா கேள்வி கேக்க ஆள் வரும்.

அது வர்ற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது

கொள்கை மாறும்னு காத்திருந்து உங்க அம்மாவோட வளையலைப் பணயம் வைக்காதீங்க. இந்த வாரமே இதெல்லாம் பாருங்க.

1. கம்பெனி பாலிசியை மட்டும் நம்பாதீங்க. உங்க பேர்ல தனியா ஒண்ணு எடுங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு.

2. வேலையை விடறதுக்கு முன்னாடியே, கம்பெனி குரூப் பாலிசியை அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனிநபர் பாலிசியா மாத்திக்க முடியுமான்னு எழுத்துல கேளுங்க. ரிலீவிங் லெட்டர் வாங்கினப்புறம் கேக்காதீங்க.

3. இருக்கற வியாதியை மறைக்காதீங்க. ஏற்கெனவே இருக்கற நோய்க்கான காத்திருப்பு 2024 விதிப்படி அதிகபட்சம் 3 வருஷம்தான். சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் முடியும்.

4. ரூம் வாடகை வரம்பைப் பாருங்க. வரம்பு 5,000 இருக்க, 8,000 ரூபாய் ரூம் எடுத்தா, பல பாலிசிகள்ல ரூம் வாடகை மட்டும் இல்ல, டாக்டர் ஃபீஸ் மாதிரி கூட வர்ற செலவையும் அதே விகிதத்துல குறைப்பாங்க. 2 லட்சத்துக்கு 1,25,000 தான் வரும்.

5. அப்பாவோ அம்மாவோ இ.எஸ்.ஐ.-ல இருந்து ஓய்வு பெற்றவங்களா? பழைய இ.எஸ்.ஐ. எண்ணைத் தேடி எடுத்துட்டு, பக்கத்துல இருக்கற இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய் அந்த 120 ரூபாய் வசதியைக் கேளுங்க. 70 வயசு தாண்டியிருந்தா ஆயுஷ்மான் பாரத் முதியோர் கார்டு பத்தியும் விசாரிங்க.

6. 80டி கழிவு பழைய வரி முறையில மட்டும்தான். புது முறையில வரிச் சலுகை இல்லைங்கறதுக்காக பாலிசியை நிறுத்திடாதீங்க. பாலிசி வரிக்காக எடுக்கறது இல்ல.

7. எல்லாத்துக்கும் மேல, மூணு மாசச் செலவுக்கான பணம் தனியா, உடனே எடுக்கற மாதிரி பேங்க்ல இருக்கட்டும்.

அம்மாவோட பத்து பவுனை மீட்க எனக்கு 14 மாசம் ஆச்சு. மீட்டுக் கொடுத்த அன்னைக்கு அம்மா அதைப் போட்டுக்கல. பீரோவுல வெச்சுட்டு, "அடுத்த தடவை தேவைப்பட்டா இருக்கட்டும்"னாங்க. நம்ம நாட்டுல பாதி வீட்டுக்கு மருத்துவக் காப்பீடு இன்னும் அந்த பீரோதான். அது மாறணும்னா ஓட்டு கேட்டு வர்றவங்க கிட்ட இந்தக் கேள்வியைக் கேளுங்க: "21,000-க்கு மேல சம்பளம் வாங்கறவனுக்கு உடம்புக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

அதுக்கு முன்னாடி இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டு, "அப்பா, உங்க பழைய இ.எஸ்.ஐ. நம்பர் எங்க இருக்கு?"ன்னு கேளுங்க. பாலிசி பேப்பரை எப்படிப் படிக்கறதுன்னு அடுத்த வீடியோல வரி வரியாப் பார்ப்போம்.